நட்டைத் தளர்த்தச் சொல்கிறாள்

1

பம்பாய் வாழ்க்கையைப் பற்றி ஜமாத் மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று ஊரிலிருந்து கேட்டிருந்தார்கள். என்ன எதிர்பார்க்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். ஒரு பையோடு தாதரில் இறங்கியது, தாராவியில் தோல் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்து அங்கேயே படுத்துக் கிடந்தது, பிறகு சொந்தமாக ஒரு பட்டறை போட்டது, செம்பூரில் வீடு பார்த்துக் குடிபோனது. எல்லாம் நடந்ததுதான். எனக்கு முன்னால் வந்தவர்கள் அதை என்னைவிட நன்றாக எழுதிவிட்டார்கள். நான் எழுதப் போவது பயத்தைப் பற்றி. போன மாதம் மாதுங்காவில் ஒரு பள்ளிக்கூட மைதானத்தில், என் மகளின் காலடியில் ஸ்பேனரோடு உட்கார்ந்திருந்தபோது வந்த பயம்.

நேரில் கேட்டால் இதைச் சொல்லவே மாட்டேன். மேலப்பாளையத்தில் என்னோடு படித்தவர்களுக்கு நான் ‘பம்பாய்க்காரன்’. பெரிய தைரியசாலி என்று நினைப்பு. இத்தனை வருஷத்தில் ஒரு நாள்கூட நான் லோக்கல் ரயிலின் வாசல் பக்கம் நின்றதில்லை. உள்ளே போய்க் கூட்டத்தில் மாட்டிக்கொண்டு, இறங்க வேண்டிய குர்லாவைக் கோட்டைவிட்டு, அடுத்த ஸ்டேஷனில் இறங்கித் திரும்பி வந்த நாட்கள் எத்தனையோ. மழைக்காலத்தில் தெருவில் தண்ணீர் நின்றால் குடையால் தரையைக் குத்திக் குத்தித்தான் நடப்பேன். கீழே மூடி இல்லாத குழி இருந்தால் என்ன செய்வது? பக்கத்தில் வருகிறவர்கள் சிரிப்பார்கள். சிரித்தால் சிரிக்கட்டும்.

ஊரில் விழுந்தால் தூக்க நாலு பேர் வருவார்கள், விழுந்தவன் யார் மகன் என்பதும் அவர்களுக்குத் தெரியும். இங்கேயும் தூக்குவார்கள், பம்பாய்க்காரர்களைக் குறை சொல்லக் கூடாது. ஆனால் தூக்கி நிறுத்திய பிறகு யாருக்குப் போன் போடுவது என்று கேட்பார்கள். அந்தக் கேள்வியை நினைத்தே நான் பாதி வழி பயந்து நடந்திருக்கிறேன்.

2

என் மகள் ஷிஃபாவுக்குப் பதினான்கு வயது. பள்ளிக்கூடத்தில் ஸ்கேட்டிங் சொல்லிக்கொடுத்தார்கள் என்று ஆரம்பித்தாள். இங்கே பிள்ளைகள் பெரும்பாலும் முதலில் குவாடில்தான் கால் வைப்பார்கள். குவாட் என்றால் பூட்ஸுக்கு அடியில் முன்னால் இரண்டு சக்கரம், பின்னால் இரண்டு சக்கரம். மூக்கில் ஒரு ரப்பர் பிரேக். இன்லைன் என்பது வேறு. நான்கு சக்கரமும் ஒரே கோட்டில், ஒன்றன்பின் ஒன்றாக இருக்கும். பழகியபின் பிள்ளைகள் இன்லைனுக்கு மாறிவிடுகிறார்கள். ஷிஃபாவை நான் மாறவிடவில்லை. நாலு மூலையிலும் சக்கரம் இருந்தால் அது தானாக நிற்கும் என்பது என் கணக்கு. இன்லைனைப் பார்த்தாலே எனக்கு அரிவாள்மணையில் ஏறி நிற்பது போல இருக்கும்.

குவாடிலேயே இருந்தவள், போயும் போயும் ஸ்லாலமில் போய்ச் சேர்ந்தாள். தரையில் சின்னச் சின்ன பிளாஸ்டிக் கோன்களை ஒரே வரிசையில் வைத்துவிடுவார்கள். ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் நடுவில் ஒரு எட்டு தூரம்கூட இருக்காது. அதற்குள் புகுந்து புகுந்து போக வேண்டும். ஒற்றைக் காலில், காலைப் பின்னிக்கொண்டு, பின்பக்கமாக, உட்கார்ந்தபடி, பாட்டுக்குத் தகுந்த மாதிரி. கோன் விழுந்தால் மதிப்பெண் போச்சு.

இது இன்லைன்காரர்களின் விளையாட்டு என்று கோச் முதல் நாளே சொன்னாள். இன்லைனில் நடுச் சக்கரங்களைக் கொஞ்சம் தாழ்த்திப் பூட்டுவார்களாம். நின்ற இடத்திலேயே பாதம் சுழலும். சக்கரம் ஒல்லி என்பதால் காலைப் பின்னினாலும் இடிக்காது. குவாட் அகலம். ஒரு கால் சக்கரம் இன்னொரு கால் சக்கரத்தில் ஏறிக்கொள்ளும். முன்கால் தப்பித்தாலும் பின்சக்கரம் கோனைத் தட்டிவிடும். குழுவில் எல்லோரும் இன்லைன், என் மகள் மட்டும் குவாட்.

கோச் மராட்டிப் பெண், இருபத்தைந்து வயதிருக்கும். பிள்ளைகள் ‘தாயி’ என்று கூப்பிடுவார்கள், மராட்டியில் அக்கா என்று அர்த்தம். நானும் தாயி என்றுதான் கூப்பிடுகிறேன். அவள் என்னை ‘காகா’ என்பாள். சித்தப்பா என்கிற மாதிரி. நம் ஊரில் காக்கா என்றால் அண்ணன் ஆயிற்றே, அதனால் முதலில் எனக்கு அவள் மேல் ஒரு தங்கைப் பாசம்கூட வந்தது. இப்போதும் நாங்கள் இரண்டு பேரும் மாறி மாறி ஒருவரை ஒருவர் மூத்தவராக்கித்தான் பேசிக்கொள்கிறோம்.

மழைக்காலம் முடிந்ததும் அந்தத் தாயி ஒரு முடிவு சொன்னாள். மாதுங்காவில் போட்டி வருகிறது. அதில் ஷிஃபா கோன் விழாமல் வந்துவிட்டால் குவாடிலேயே இருக்கட்டும். விழுந்தால் இன்லைனுக்கு மாற வேண்டும், இல்லையென்றால் ஸ்லாலமை விட வேண்டும்.

மகளுக்கு இரண்டும் பிடிக்கவில்லை. “இன்லைன்ல எல்லாரும் பண்றாங்க வாப்பா. குவாட்ல யாரு பண்றா? நான் மட்டும்தான் பண்றேன்” என்றாள். அவள் பெருமைக்காகக் குவாட் வேண்டும் என்கிறாள், நான் பயத்துக்காகக் குவாட் வேண்டும் என்கிறேன். எப்படியோ இரண்டு பேரும் ஒரே பக்கம் நின்றோம்.

3

அதற்கு முன்னால் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். இன்லைனில் விழுகிறவன் பெரும்பாலும் மல்லாக்க விழுவான். குவாடில் மூக்கில் இருக்கும் ரப்பர் தரையில் பட்டுவிட்டால் ஆள் முகங்குப்புறப் போவான். ஷிஃபா அப்படித்தான் ஒரு நாள் விழுந்து தாடையைக் கிழித்துக்கொண்டாள். தையல் போட்டுவிட்டு ஆட்டோவில் வரும்போது, போதும், இனி வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். 

“நீங்க ஒரு தடவ போட்டுப் பாருங்க வாப்பா. பாத்துட்டு வேணாம்னு சொல்லுங்க. அப்ப நான் கேக்குறேன்” என்றாள், பஞ்சு ஒட்டிய தாடையைப் பிடித்துக்கொண்டு.

நான் ரோஷக்காரன். குர்லாவில் பழைய சாமான் கடையில் என் அளவுக்கு ஒரு குவாட் வாங்கினேன். என் மனைவி சபுரா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“மச்சான், ஒங்களுக்கு வயசு என்ன ஆவுதுன்னு நெனப்பு இருக்கா?”

“புள்ளதான் போட்டுப் பாக்கச் சொல்றா.”

“அவ சின்னப்புள்ள, சொல்லுவா. கை ஒடிஞ்சா பட்டறையில யாரு ஒக்காருவா? நானா?”

அவள் கேட்டதில் தப்பே இல்லை. என் பிழைப்பு என் மணிக்கட்டில் இருக்கிறது. அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை காலையில், கட்டடத்தில் கார்கள் வெளியே போன பிறகு, பார்க்கிங்கில் தூணைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்க ஆரம்பித்தேன். வாட்ச்மேன் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு வேடிக்கை பார்ப்பான். தூணுக்கும் தூணுக்கும் நடுவில் பிடிக்க ஒன்றும் இல்லாத இடத்தைக் கடக்க எனக்கு ஒரு மாதம் ஆனது. மனிதன் நடக்கக் கற்றுக்கொண்டபோது இவ்வளவு பயந்திருந்தால் இன்னும் தவழ்ந்துகொண்டுதான் இருப்போம்.

தாயி ஒரு நாள் எனக்கு இன்லைனையும் போட்டுவிட்டாள். இரண்டு கையையும் அவள் பிடித்திருந்தாள். அப்படியும் கணுக்கால் இரண்டும் உள்பக்கமாக மடிந்து உதற ஆரம்பித்தது. எழுந்து நின்றதோடு சரி. கழற்றித் தரச் சொல்லிவிட்டேன். குவாடைப் போட்டுக்கொண்டதும் வீட்டுக்கு வந்த மாதிரி இருந்தது.

ஆனால் குவாடில் கோனுக்குள் போனால் எனக்குத் திரும்பவே இல்லை. நேராகப் போய் எல்லாக் கோனையும் வாரிக்கொண்டு போனேன். தாயி என் காலைத் தூக்கிப் பார்த்தாள். சக்கரத்தைக் கட்டைவிரலால் அழுத்தினாள். அசையவில்லை.

“காகா, யே இத்னா டைட் கிஸ்னே கியா?” என்று கேட்டாள். இதை இவ்வளவு இறுக்கியது யார் என்கிறாள்.

வேறு யார்? நான்தான். குவாடின் அடித்தட்டில் முன்னால் ஒரு நட்டு, பின்னால் ஒரு நட்டு. அதற்குள் ரப்பர் இருக்கிறது. நட்டை இறுக்கினால் சக்கரம் ரயில் மாதிரி நேரே போகும். தளர்த்தினால் பாதம் சாய்ந்த பக்கம் சக்கரமும் திரும்பும். எனக்கு இது தெரியாது என்றும் சொல்ல முடியாது. ஆனால் நான் தோல் பை வேலைக்காரன். கைப்பிடியில் ஒரு ரிவிட் லேசாக ஆடினாலும் ஆர்டர் அப்படியே திரும்பி வந்துவிடும். ஆடுகிற எதைப் பார்த்தாலும் இறுக்கிவிட வேண்டும், கை தானாகப் போகும். வீட்டில் குக்கர் பிடி, கதவுத் தாழ்ப்பாள், சபுராவின் கண்ணாடிக் காம்பு, எதையும் விட்டதில்லை. ஷிஃபாவின் ஸ்கேட்டையும் ஞாயிறு தோறும் அவள் தூங்கி எழும் முன்பே இறுக்கி வைத்துவிடுவேன்.

தாயி என் நட்டைத் தளர்த்தினாள். எழுந்து நின்றால் கால் இரண்டும் கால் ஒடிந்த கட்டில் மாதிரி ஆடுகிறது. பயத்தில் அல்லாவைக் கூப்பிட்டுக்கொண்டே போனேன். முதல் கோனில் லேசாகப் பாதத்தைச் சாய்த்தேன். வளைந்தது. இரண்டாவதிலும் வளைந்தது. மூன்றாவதில் உட்கார்ந்துவிட்டேன், அது வேறு விஷயம். அந்த இரண்டு வளைவும் எனக்குப் பிடித்திருந்தது.

வீட்டுக்கு வந்து முதல் வேலையாக நட்டை மறுபடி இறுக்கினேன்.

4

போட்டிக்குப் பெயர் கொடுக்கப் போன இடத்தில் இன்னொரு பயம். இந்த ஊரில் யாருக்கும் இனிஷியல் புரியாது. சர்நேம் என்ன என்பார்கள். நமக்கு ஏது சர்நேம்? ஷிஃபாவைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தபோது கிளார்க் அவள் பெயருக்குக் கடைசியில் என் வாப்பா பெயரைப் போட்டுவிட்டார். அவள் ஆதாரில் அந்த இடத்தில் என் பெயர் இருக்கிறது. மேசையில் இருந்தவர் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, “தோ லட்கியா ஹை க்யா?” என்றார். இரண்டு பெண்களா என்று கேட்கிறார்.

காகிதம் என்றால் எனக்குத் தனிப் பயம் உண்டு. இந்தக் காலத்தில் அது ஏன் என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ரேஷன் கார்டு, கரண்ட் பில், பிறப்புச் சான்றிதழ், எனக்குக் கல்யாணமான அத்தாட்சி வரைக்கும் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொண்டு அடுத்த நாளும் போனேன், அதற்கடுத்த நாளும் போனேன். தாயி வந்து மராட்டியில் நாலு வார்த்தை பேசியதும் ஒரு சீட்டில் எழுதி வாங்கிக்கொண்டு விட்டுவிட்டார்கள். என் பிளாஸ்டிக் பையை யாரும் திறக்கவே இல்லை.

இதற்கிடையில் ஊரிலிருந்து எங்கள் காக்காவின் போன். யாரோ ஷிஃபாவின் வீடியோவைக் குரூப்பில் போட்டிருக்கிறார்கள். “வெளையாடட்டும், வேணாங்கல. ஆனா பொம்பளப் புள்ள, பல்லு கில்லு போச்சுன்னா நாளைக்கி ஒரு எடத்துல பேச முடியுமா? நீ அங்கன என்னத்தப் பாத்துக்கிட்டு இருக்க?” என்றார். அதெல்லாம் ஒண்ணும் ஆகாது காக்கா என்று சொன்னேன். போனை வைத்த பிறகு அன்று முழுக்க அவள் பல்லைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒரு தடவை அவளையே கேட்டுவிட்டேன். “ஒனக்குப் பயமே கெடையாதா?”

“டர் லக்தா ஹை நா வாப்பா. லேகின்...” என்று இழுத்தாள். பிறகு யோசித்து, “பயம் வரும். நான் அதுகிட்ட பேச மாட்டேன்” என்றாள்.

இந்தப் பிள்ளைக்குத் தமிழ் எழுத்துக் கூட்டிப் படிக்கக்கூட வராது. சிரிப்பு, கோபம், பயம் எல்லாம் இந்தியில்தான் வருகிறது. எனக்காக ஒவ்வொன்றையும் தமிழில் மாற்றிச் சொல்கிறாள். அப்படி மாற்றும்போது எவ்வளவு விட்டுவிடுகிறாளோ என்று எனக்குக் கவலையாக இருக்கும். மகள் என்ன நினைக்கிறாள் என்பது தெரியாமல் ஒரே வீட்டில் இருப்பதும் ஒரு பயம்தான்.

5

போட்டி நாள் விடியற்காலையில் எழுந்து தொழுதுவிட்டு, அவள் ஸ்கேட்டை மடியில் வைத்துக்கொண்டேன். இறுக்காதே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவளுக்குக் கோன் விழுந்தால் இன்லைன். இன்லைன் என்றால் எனக்கு இனி தூக்கமில்லை. அதே சமயம் நட்டு ஆடி, அவள் மறுபடி முகங்குப்புற விழுந்தால்? தாடையில் அந்தத் தழும்பு இன்னும் சிவப்பாக இருக்கிறது. தளர்ந்தால் விழுவாள், இறுகினால் திரும்ப மாட்டாள். இரண்டு பக்கமும் பயமாக இருந்தது. கை தன் வேலையைப் பார்த்துவிட்டது. நான்கு நட்டிலும் ஆளுக்கு ஒரு சுற்று.

மாதுங்கா போய்ச் சேர்ந்தபோது மைதானம் நிறையப் பிள்ளைகள். எல்லோர் காலிலும் இன்லைன். கோன்களுக்குள் புகுந்து போகும்போது சத்தமே வருவதில்லை. ஷிஃபா பழகிப் பார்க்க ஒரு தடவை உள்ளே போனாள். முதல் வளைவிலேயே பின்சக்கரம் இடித்து ஒரு கோன் உருண்டது. யாரோ ஒரு பிள்ளையின் அப்பா, “குவாட் பே ஸ்லாலம்?” என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லிச் சிரித்தார்.

அவள் வந்து பெஞ்சில் உட்கார்ந்து காலை நீட்டினாள். என்னை ஒன்றும் கேட்கவில்லை. யார் டைட் பண்ணியது என்றுகூடக் கேட்கவில்லை.

“வாப்பா, ஸ்பேனர் ஒங்க கிட்டத்தானே இருக்கு? எல்லாத்துலயும் ரெண்டு சுத்து லூஸ் பண்ணுங்க.”

“ரெண்டா?”

“ரெண்டு. ஜல்தி. பேரு கூப்புடப் போறாங்க.”

தாயியைத் தேடினேன். அவள் அந்தக் கோடியில் வேறு ஒரு பிள்ளையோடு நின்றாள். மண்டியிட்டு உட்கார்ந்தேன். மகளின் பாதத்தை ஒரு கையில் பிடித்துக்கொண்டு மறு கையில் ஸ்பேனரை வைத்தேன். வாழ்நாள் முழுவதும் இறுக்கிய கை இது. முதல் நட்டில் ஒரு சுற்று தளர்த்தினேன். சக்கரம் அசைந்தது. இன்னொரு சுற்றுக்குக் கை வரவில்லை. சத்தியமாக வரவில்லை. ஸ்பேனரை எடுத்து, இரண்டாவது சுற்றுக்குத் திருப்புவது போலச் சும்மா கையை ஆட்டினேன். மற்ற மூன்றிலும் அப்படியே செய்தேன். மகளை ஏமாற்றுகிறோம் என்று தெரிந்துதான் செய்தேன்.

“ரெண்டு குடுத்துட்டீங்களா?”

“ம்” என்றேன்.

அவள் பெயரை ஒலிபெருக்கியில் சொன்னார்கள். பாட்டு ஆரம்பித்தது.

இத்தனை வருஷம் பயந்ததெல்லாம் பயமே இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது. ஒரு சுற்று போதவில்லை என்றால் கோனைத் தட்டுவாள், என்னால். அந்த ஒரு சுற்றே அதிகம் என்றால் விழுவாள், அதுவும் என்னால். குவாட் சத்தமில்லாமல் போகாது. சிமெண்டுத் தரையில் கரகரவென்று அந்தச் சத்தம் என் பல்லில் ஏறியது. முன்னால் போனாள், திரும்பினாள், பின்பக்கமாக வந்தாள். காலைப் பின்னும் இடம் வந்தது. அந்த இடத்தில்தான் சக்கரம் சக்கரத்தில் ஏறும். இடது கால் குறுக்கே போனபோது நான் பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். ஏறவில்லை. ஒரு மயிரிழை இடம் விட்டுக் கடந்துபோனது. ஒரு கோன் லேசாக அசைந்து அப்படியே நின்றது. கடைசிக் கோனில் முன்சக்கரம் இரண்டில் மட்டும் ஏறி நின்று சுழன்றாள். அதை இன்லைனில் யாரும் அந்த மாதிரிச் செய்து நான் பார்க்கவில்லை. பாட்டு நின்றது. வரிசையில் எல்லாக் கோனும் நின்றுகொண்டிருந்தன.

தாயி ஓடி வந்து அவள் தலையில் ஒரு தட்டுத் தட்டினாள். “குவாட் மே ஹீ ரஹோ” என்றாள். குவாடிலேயே இரு.

ஷிஃபா என் பக்கத்தில் வந்து தொப்பென்று உட்கார்ந்து லேஸை அவிழ்க்க ஆரம்பித்தாள். மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. என்னைப் பார்க்காமலே பேசினாள்.

“வாப்பா, ஒரு சுத்துதானே குடுத்தீங்க?”

“எப்படித் தெரியும்?” என்றேன்.

“காலையில நீங்க ஒரு சுத்து டைட் பண்ணுவீங்க. எல்லா சன்டேயும் பண்றீங்களே. நான் கிளாஸுக்குப் போய் ஒரு சுத்து லூஸ் பண்ணிக்குவேன். இன்னைக்கு ஸ்பேனர் ஒங்ககிட்ட இருந்துச்சு. ஒண்ணு கேட்டா நீங்க பாதிதான் குடுப்பீங்க. அதான் ரெண்டு கேட்டேன்.”

அவள் ஒரு பூட்ஸைக் கழற்றிவிட்டு அடுத்ததில் கை வைத்தாள்.

“நான் நெசமாவே ரெண்டும் குடுத்திருந்தா?” என்று கேட்டேன்.

லேஸின் முடிச்சை நகத்தால் நெம்பிக்கொண்டே சொன்னாள்.

“விழுந்திருப்பேன். ஆனா நீங்க குடுக்க மாட்டீங்க வாப்பா.”